காரணம் என்றொரு கட்டம்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்தும் காற்றில்லை. செருப்பு வார் அறுந்தது. ஊசி குத்திப் போட்டுக்கொண்டு போனேன்.

கம்பஸ் அலுவலகத்தில் உதவித்தொகைப் படிவம் வாங்கினேன். எட்டுப் பக்கம். கடைசித் திகதி 21. கேட்டிருப்பவை:

– தந்தையின் சம்பளக் கடிதம்
– தந்தையின் கூற்று, அவர் கையொப்பத்துடன்
– நிரந்தர முகவரிக்குரிய கிராம சேவகரின் உறுதிப்படுத்தல்
– என் வங்கிப் புத்தகப் பிரதி

கடைசியில் உள்ளது மட்டும் என்னிடம் உண்டு.

கவுன்டரில் இருந்த கிளார்க் அண்ணை கேட்டார்: “அப்பா இருக்கிறாரா, மோசம் போயிட்டாரா?”

“இருக்கிறார்.”

“வெளிநாட்டிலயா?”

“கொட்டாஞ்சேனையில.”

“பிறகென்ன தங்கச்சி? பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டு வாங்க.”

பஸ் ஏறலாம். அங்கே கதவு திறக்க வேண்டுமே. ஒன்றேகால் வருஷமாக நான் வெள்ளவத்தையில், இரத்தினம் அன்ரி வீட்டு மாடி அறையில். அப்பாவோடு பேச்சு இல்லை. பின்னேரங்களில் நான்கு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். அறையும் சாப்பாடும் அதில் ஓடியது. அடுத்த செமஸ்டரில் லேப் எல்லாம் பின்னேரம். டியூஷன் போச்சு. உதவித்தொகை கிடைக்காவிட்டால் என் படிப்பும் ஏப்ரலோடு போச்சு.

அன்ரியின் தம்பிக்குத் துணிக்கடை. காஷியர் வேலை இருக்கிறதாம். அன்ரி இரண்டு தரம் சொல்லிவிட்டா. நல்ல மனதோடுதான் சொன்னா.

லேபில் என் பக்கத்தில் நிற்கும் றிஸ்னாவிடம் சொன்னேன். தெஹிவளைப் பிள்ளை, எதற்கும் அசரமாட்டாள். “வாப்பா எங்க ஈக்கிறார்னே தெரியான்னு எழுதுடி. யாரு போய்த் தேடப் போற?”

இரவு படிவத்தைப் பென்சிலால் நிரப்பத் தொடங்கினேன். முதலில் பென்சில், பிறகு பேனா. அப்பா பழக்கியது. கப்பல் கம்பனியில் ஹெட் கிளார்க். நான் பத்து வயதிலேயே அவர் பக்கத்தில் இருந்து படிவம் நிரப்பியவள். “வெறும் கட்டம் விடாதே. கோடு போடு. விட்டால் பிறகு வேறு யாராவது எழுதிவிடுவான்.” எங்கள் வீட்டில் ஜெபத்துக்கு அடுத்தபடி அதுதான்.

மார்ச் 5, புதன். விபூதிப் புதன்

காலைப் பூசைக்குப் போனேன். இங்குள்ள கோயிலில் என்னை யாருக்கும் தெரியாது. அது ஒரு நிம்மதி. ஃபாதர் நெற்றியில் பூசிய சாம்பலை அழிக்காமல் லெக்சருக்குப் போனேன். றிஸ்னா, “நெத்தியில என்னடி அழுக்கு?” என்று துடைக்க வந்துவிட்டாள்.

இதை ஒருநாளும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

ஏ.எல். முடிவு வந்து கம்பஸ் கிடைக்கும் என்று தெரிந்த மாதம். அப்பா இத்தாலியில் இருக்கும் ஒருவரைப் பேசி முடித்துவிட்டார். போட்டோவில் நல்ல மனிதராகத்தான் இருந்தார். எனக்கு வேண்டாம் என்றேன், மூன்று தரம். “பயம்தான், போகப் போகச் சரியாகும்” என்றார் அப்பா. கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர்கள் பங்குத் தந்தைக்குத் தெரிவிக்கவும். அதற்கு முன் பெண்ணைத் தனியே கூப்பிட்டுச் சம்மதம் கேட்பது முறை. அப்பா கோயில் கமிட்டி. அதனால் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். முதல் ஞாயிறு என் பெயரைக் கேட்டபோது நான் பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பங்குத் தந்தையிடம் போனேன்.

“தடை இருக்கு ஃபாதர்.”

“என்ன தடை பிள்ளை?”

“நான்தான்.”

இரண்டாம் ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. கோயில் முழுக்கத் திரும்பி எங்கள் குடும்பம் உட்காரும் வாங்கைப் பார்த்தது. அப்பா நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வீட்டுக்கு வந்து சட்டை பட்டனைக் கழற்றிக்கொண்டே, “இனி உன்ர பாட்டை நீ பார்” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் இருந்திருப்பேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அம்மா பையில் இரண்டு துவாயும் ஒரு பால்மா பெட்டியும் வைத்துத் தந்தா. பால்மா எதற்கென்று இன்றைக்கும் விளங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

புதுக்கடைக் கோர்ட்டுப் பக்கம் போனேன். றிஸ்னாவும் வந்தாள். கோர்ட் வாசலுக்கு எதிரே, படிக்கட்டுக்கு அடியில் சத்தியக் கடதாசி டைப் பண்ணும் ஐயா. கேட்கும்போதே விரல் ஓடியது. பெயர், முகவரி, அடையாள அட்டை. பிறகு எங்களைக் கேட்காமலே ஒரு பந்தி அடித்து முடித்தார். வாசித்தேன்: ‘எனது தகப்பனார் எம்மைக் கைவிட்டுச் சென்று தற்போது எங்கு வசிக்கிறார் என்பது எனக்குத் தெரியாது என சத்தியம் செய்து கூறுகிறேன்.’

“ஐயா, எனக்குத் தெரியுமே.”

“எல்லாரும் இப்பிடித்தான் மகள் போடுறது. இதுதான் பாஸ் ஆகும்.”

மாடியில் சத்தியத்தை உறுதிப்படுத்தும் ஜே.பி. காத்திருக்கிறார், நான் கையெழுத்துப் போட்டால் ஐந்து நிமிஷ வேலை. பேனாவை வாங்கினேன். அப்பா எங்கே இருக்கிறார் என்று எனக்கு மணிவாரியாகத் தெரியும். ஏழரைக்கு ஆபீஸ். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுப் பெட்டி. ஞாயிறு ஆறு மணிப் பூசை, வலப்பக்கம் மூன்றாவது வாங்கு. தெரியாது என்று சத்தியம் பண்ணக் கை வரவில்லை.

டைப் பண்ணிய கூலியைக் கொடுத்துவிட்டுக் கடதாசியை மடித்துப் பையில் வைத்தேன்.

றிஸ்னாவுக்குக் கோபம். பிளேன்டீ கடையில் சொன்னாள்: “ஒன்ட வாப்பா ஒனக்கு ஒண்டும் செய்யல்ல. நீ அவருக்காக ஒரு பொய் கூடச் செல்ல மாட்ட. நல்ல புள்ளதான்.”

அவருக்காக இல்லை என்று சொன்னேன். வேறு யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 8, சனி

டியூஷன். பின்னங்கள். ஒரு பிள்ளை அழுதது.

அன்ரி சம்பல் இடித்துக்கொண்டே கேட்டா: “ஏன் பிள்ளை முகம் வாடிக் கிடக்கு?” சொன்னேன். “நீர் நேர விதானையிட்டப் போய் உள்ளதைச் சொல்லும். கிராம சேவகரைத்தான் சொல்லுறன், கொழும்பில அவையளை ஜீ.எஸ். எண்டுதானே சொல்லுறது? அவையும் மனிசர்தானே.”

வாங்க வேண்டியது: ஊசி, நீலப் பேனா, சவர்க்காரம். செருப்பு (இந்த மாதம் இல்லை).

மார்ச் 11, செவ்வாய்

லெக்சர் வெட்டினேன். கொட்டாஞ்சேனை. எங்கள் ஒழுங்கை வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். எங்கள் மீன்காரர் கண்டுவிட்டு, “ஆ, ஷெரின் பேபி!” என்றார். அம்மாவுக்குச் சேதி போய்விடும்.

ஜீ.எஸ். ஒரு சிங்கள மிஸ். எங்கள் பகுதியில் பத்து வருஷம் இருந்து தமிழ் நன்றாகவே பேசுகிறா, தங்கச்சி என்பதை மட்டும் ‘நங்கி’ என்று சிங்களத்தில். என் கடிதத்தை வாசித்தா. அதில் நான் எழுதியது: அப்பா இந்த முகவரியில் இருக்கிறார், வேலை செய்கிறார், எனக்கு உதவி இல்லை, கலியாணம் மறுத்ததால் வீட்டை விட்டு வந்தேன். நான்கு வரி.

“பொய் எழுதின பேப்பர் நிறைய வருது நங்கி. அதெல்லாம் லேசு. ஸ்டாம்ப் அடிச்சா முடிஞ்சுது. நீங்க உண்மைய எழுதி எனக்கு வேலை வச்சிட்டீங்களே.”

“முடியாதா மிஸ்?”

“முடியும். அப்பா வந்து சொல்லணும், நான் செலவு குடுக்கிறதில்லைன்னு. அவரே எழுதணும். நான் எழுதினா நாளைக்கு வந்து எங்கூட சண்டை போடுவார்.”

அப்பாவா? அப்படி எழுதுவாரா? கோயில் கமிட்டி, வருஷா வருஷம் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுப்பவர். சொந்த மகளுக்குக் கொடுக்கவில்லை என்று அரசாங்கக் கடதாசியில் கையெழுத்து?

மிஸ் என் முன்னாலேயே அப்பாவுக்குப் போன் எடுத்தா. சிங்களத்தில் பேசினா. “ஹரி, ஹரி” என்று இரண்டு தரம், சரி சரி என்று. அடுத்த அலுவலக நாள் வியாழன், ஆனால் அது போயா, பௌர்ணமி லீவு. சனி ஒன்பது மணிக்கு வருகிறாராம்.

பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தேன். பயம்தான். வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

மார்ச் 13, வியாழன், போயா

பதினொரு மணிக்கு அம்மா போன். அப்பா கோயிலுக்குப் போன நேரம்.

“சுருக்கா கேள். அப்பா சனிக்கிழமை வாறார்.”

“தெரியும். என்ன சொல்லப் போறாராம்?”

“கதவு திறந்துதான் இருக்கு, வீட்ட வரட்டும், எல்லாம் செய்வன் எண்டு சொல்லப் போறாராம். அந்த இத்தாலிப் பெடியன் இன்னும் கலியாணம் முடிக்கேல்லையாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அம்மா “சாப்பிட்டியா?” என்றா.

எனக்கு எரிச்சல் வந்தது. அழுகையும் வந்தது. சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சுலபம். அவர் ‘செய்வேன்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். கடதாசியில் நான் ஆதரவுள்ள பிள்ளை. உதவித்தொகை இல்லை. வீட்டுக்குப் போனால் இத்தாலி, போகாவிட்டால் துணிக்கடை.

மார்ச் 15, சனி

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. மெலிந்துவிட்டார். அல்லது எனக்கு அப்படிப் பட்டது. நான் எழுந்து நின்றேன். அவர் என் செருப்பைப் பார்த்தார், ஊசி குத்தியிருந்த வாரை. முகத்தைப் பார்க்கவில்லை.

மிஸ்ஸிடம் சொன்னார்: “வீட்டுக் கதவு பூட்டேல்ல மிஸ். அவ வரட்டும். நான் எல்லாம் செய்வன்.”

மிஸ் என்னைப் பார்த்தா. “வீட்டுக்குப் போறீங்களா நங்கி?”

“படிக்க விட்டால் போவன். கலியாணம் வேண்டாம் எண்டதை ஒத்துக்கொண்டால் போவன்.”

அப்பா சுவர்க் கலண்டரைப் பார்த்தார்.

மிஸ் ஒரு படிவத்தை எடுத்து அவர் முன் வைத்தா. “வாயால வேணாம் ஐயா. இதில எழுதுங்க. செலவு குடுக்கிறேன்னு நீங்க எழுதினா இவங்களுக்கு உதவி கிடைக்காது. அதோட முடிஞ்சுது. இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க.” என்னை வெளியே இருக்கச் சொன்னா.

வாங்கில் இருந்தேன். பக்கத்தில் ஒருவர் ஐ.டி. கார்ட் தொலைத்த கதையை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கதவு இடுக்கால் அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. எழுதுமுன் முழுவதும் இரண்டு தரம் வாசிப்பார், எனக்குத் தெரியும். வாசித்தார். நீண்ட நேரம் எழுதவில்லை. பிறகு எழுதினார். எழுந்து, வெளியே வந்து, என்னைத் தாண்டி, படியிறங்கிப் போனார். “அப்பா” என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை போல.

மிஸ் ஸ்டாம்ப் அடித்துத் தந்தா. “மூணு போட்டோகொப்பி எடுங்க. சம்பளக் கடிதமும் வச்சிட்டுப் போறார்.” கடிதத்தில் திகதி புதன்கிழமை. மிஸ் போன் பண்ணிய மறுநாளே ஆபீசில் கேட்டு வாங்கியிருக்கிறார்.

போட்டோகொப்பிக் கடையில், கரண்ட் வரக் காத்திருந்த நேரத்தில் வாசித்தேன். நிமிர்ந்த கையெழுத்து, ஒரு வெட்டுத் திருத்தம் இல்லை.

1. மகள் உங்களுடன் வசிக்கிறாரா? இல்லை.
2. பராமரிப்புச் செலவு கொடுக்கிறீர்களா? இல்லை.
3. எப்போதிலிருந்து? வீட்டை விட்டுச் சென்ற நாளிலிருந்து. திகதியும் போட்டிருந்தார். எனக்கே மறந்த திகதி.
4. காரணம்: அவள் சம்மதம் கேளாமல் நான் ஓலை கொடுத்தேன். அவள் மறுத்தாள். பிழை அவளுடையதல்ல.

மீதி வரிகளில் குறுக்கே ஒரு கோடு, அடிமட்டம் வைத்தது போல.

நாலாவதிலும் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மிஸ் ஒன்றும் கேட்டிருக்க மாட்டா. கடைக்காரர், “தங்கச்சி, கரண்ட் வந்துட்டு” என்று மூன்று தரம் சொன்னாராம். நான்கு பிரதி எடுத்தேன், ஒன்று எனக்கு.

மார்ச் 17, திங்கள்

மழை. படிவத்தைக் கொடுத்துவிட்டேன்.

கிளார்க் அண்ணை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அப்பாவின் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். “இது காணும். இதுக்கு மேல ஒருத்தரும் ஒண்டும் கேட்கேலாது. உங்கட பேர் லிஸ்டில வரும்.” ரசீது தந்தார்.

பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘விடுமுறையில் தங்கும் முகவரி’. வெறுமையாக இருந்தது.

“ஒண்டும் இல்லாட்டி ஒரு கோடு போட்டு விடுங்க தங்கச்சி. வெறுங்கட்டம் விடக்கூடாது.”

பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

“இருக்கட்டும் அண்ணை” என்றேன். “பிறகு எழுதலாம்.”