பிடுங்கி வைத்த கிளை

மாப்ள, இன்று காலை ஷிப்டுக்கு வந்தபோது கேட்டிலேயே தார் வாசனை. வடக்குப்பட்டு ரோட்டிலிருந்து நம் கம்பெனிக்குத் திரும்பும் அந்த அரை கிலோமீட்டரை ஒருவழியாகப் போடுகிறார்கள். பக்கத்தில் புதுக் கம்பெனி திறப்பு விழாவாம், யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். செக்யூரிட்டி கூண்டில் உட்கார்ந்து அழுதேன். நீ போய் இரண்டு வருடம் கழித்துப் பள்ளத்தை மூடுகிறார்கள், பாவிகள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டு மாடி ரூமில் குடியிருந்தாய். நீ உள்ளே மெஷின் லைனில், நான் கேட்டில். இந்த ரோட்டைப் போடச் சொல்லி இரண்டு பேரும் மனு எடுத்துக்கொண்டு அலைந்தோமே. "அது கம்பெனி லாரி ஓடி ஒடஞ்ச ரோடு, அவனையே போடச் சொல்லு" என்றார்கள் பஞ்சாயத்து ஆபீசில். "கேட்டுக்கு வெளிய ஓரடிகூட நம்மளுது இல்லப்பா" என்றார் மேனேஜர். திரும்பி வரும்போது நீ சிரித்தாய். "ரோடு யாருக்குள்ளதா இருந்தா என்னலே, விழுறது நம்மதான?"

மறுநாளே வேலிக்காத்தான் கிளை ஒன்றை வெட்டி, மெஷின் துடைக்கிற சிவப்புப் பனியன் துணியை அதில் கட்டி, கேட்டுக்கு முன்னால் இருந்த பெரிய பள்ளத்தில் நட்டாய். கையெல்லாம் முள் கிழித்திருந்தது.

"இன்னாடா, கட்சிக் கொடியா நட்டுகினு கீற?" என்று கேட்டேன்.

"பள்ளத்த மூடுற அன்னைக்குத்தாம்ல இத எடுக்கணும்."

கிளை காய்ந்தால் புதுசு வைப்பாய். லாரி ஏறி நசுக்கினால் இன்னொன்று. ஷிப்டுக்கு வருகிற எல்லோரும் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் வண்டியை ஒதுக்குவார்கள்.

நீ போன அன்று கம்பெனியில் ஆடிட். "வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க, அந்தக் குப்பைய எடுத்துப் போடு" என்றார் மேனேஜர். பிடுங்கிக் கூண்டுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். அவர்கள் பதினொரு மணிக்கே போய்விட்டார்கள். திருப்பி நட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கேட் பாஸ் எழுதினேன், சோறு தின்றேன். மழை பிடித்துக்கொண்டது. எதற்கு நனைவானேன் என்று உள்ளேயே இருந்துவிட்டேன், சோம்பேறி நாய். செகண்ட் ஷிப்டுக்கு நீ வந்தபோது பள்ளம் முழுக்கத் தண்ணீர், ரோடு சமமாகத் தெரிந்தது. விழுந்த உனக்குப் பின்னாலேயே லாரி.

"விபத்து கேட்டுக்கு வெளியே நடந்தது" என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. ஊரிலிருந்து வந்த உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெனமும் வார பாததானய்யா, எப்படி விழுந்தான்?" என்று கேட்டார். "மழைம்மா" என்றேன்.

கிளை எப்போதோ உளுத்துப்போய்விட்டது. அந்தத் துணியை மட்டும் டிபன் பையில் வைத்துக்கொண்டு தினமும் வேலைக்கு வருகிறேன். யாரிடமும் சொல்லாததை இன்றைக்காவது உனக்குச் சொல்லிவிடுகிறேன். அன்று மழையில் நீ நம் ரோட்டுக்குள் திரும்பிக் கிட்டே வந்ததும் என்னைப் பார்த்துக் கையாட்டினாய். பிறகு கிளை இருந்த இடத்தைப் பார்த்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், மாப்ள. மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாய். வண்டியை ஒதுக்காமல் நேராக வந்தாய்.