சத்தம் போடாத இடது சக்கரம்

என் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். அம்மா நலம், முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. நானும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நேற்று போனில், என் கடிதம் வரும்வரை காரைத் தொடாதே என்று கெஞ்சினேனே, நீ சிரித்துக்கொண்டே சரி என்றாய், காரணம் கேட்டாய், பக்கத்தில் அம்மா நின்றதால் மென்று முழுங்கிவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். உங்கள் பக்கம் லோடு ஏற்றிப் போகும் எதிர்வீட்டு லாரிக்காரர் வெள்ளிக்கிழமை இதை உன் கையில் கொடுப்பார்.

நம் பழைய காரை உனக்குக் கொடுத்தபோது, பள்ளத்தில் இறங்கினால் இடது முன் சக்கரம் கிறீச்சென்று கத்தியது ஞாபகமிருக்கிறதா. மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு எடுக்கிறேன் என்றாய். முப்பது வருஷமாக வண்டிகளைக் கழுவி கிரீஸ் அடிக்கிறவனுக்கு இன்னொருத்தன் சொல்லித்தர வேண்டுமா என்று நான்தான் வீறாப்பு பேசினேன். கத்தியது சக்கரத்தைத் தாங்குகிற பால் ஜாயிண்ட், கிண்ணத்துக்குள் இரும்புக் குண்டு உருளும் மூட்டு. அது முழுக்க மூடிய சாமான், கிரீஸ் ஏற்ற வழி கிடையாது. நான் ஊசியில் கிரீஸை நிரப்பி, அதன் ரப்பர் உறையைக் குத்தி ஏற்றினேன். சத்தம் நின்றது. உங்கப்பாவுக்குத் தலைவலி வந்தாலும் கிரீஸ்தான் தேய்ப்பாரு என்று அம்மா கேலி செய்தாள். நான் பூரித்துப்போய் உன்னிடம் சாவியை நீட்டினேன்.

செவ்வாய்க்கிழமை, நம்மிடம் வண்டி கழுவ வரும் மொட்டைத்தலை டாக்சிக்காரர் நம் கடை முன்னால் திரும்பும்போது அவர் வண்டியின் முன் சக்கரம் மடங்கி, வண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. மெதுவாக வந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு மாதத்துக்கு முன் அதற்கும் இதே ஊசி போட்டவன் நான். பக்கத்துக் கடை மெக்கானிக் பிரித்துக் காட்டினார், உள்ளே குண்டு தேய்ந்து கிண்ணத்தை விட்டே கழன்றிருந்தது, ஊசி போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீரும் மண்ணும் புகுந்து ஒரே துரு. தேஞ்சது கிரீஸ் அடிச்சா வளருமாண்ணே, அது கத்தினதே ஆளைக் காப்பாத்தத்தான், நீங்க அதோட வாயை அடைச்சிட்டீங்க என்றார். உன் வண்டிக்கு ஊசி போட்டு ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் நீ, சத்தமே இல்லப்பா, குட்டி பின்சீட்ல தூங்கிடுறா என்றாய். சனிக்கிழமை அவளோடு மலைப்பாதையில் வேறு போவதாகச் சொன்னாய்.

போகாதே பாப்பா. மாப்பிள்ளை ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், ஆடவில்லை என்றாலும் நம்ப வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல், இல்லை லாரியில் ஏற்றிப் போகச் சொல், பக்கத்தில்தானே என்று ஓட்டிப் போகாதே. இரண்டு பக்கமும் புது ஜாயிண்ட் போடட்டும். அப்பா ஊசி போட்டதை மெக்கானிக்கிடம் மறைக்காதே, திட்டினால் என்னைத்தானே திட்டப்போகிறார். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், இன்னும் தைரியம் வரவில்லை.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். புதுசு போட்டதும் மறக்காமல் போன் செய். இன்னொன்று, வாசலில் போய்ப் பார், இடது முன் சக்கரம் தரையோடு அமுங்கிக் கிடக்கும். லாரிக்காரரைக் கோபிக்காதே, காற்றைப் பிடுங்கிவிட்டுக் கடிதத்தைக் கொடுங்கள் என்று சொன்னது நான்தான்.

போனையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா