சுவரில் இருப்பதைக் கொடுத்துவிடாதே

அக்கா,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள். நீ விலைகொடுத்து வாங்கிய படத்துக்குச் சட்டம் போடுகிறவர் பதினொரு மணிக்கு அதை எடுத்துப்போக வருவார். கூடத்துச் சுவரில் இருப்பதைக் கொடுத்துவிடாதே. அது நான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டை நினைவிருக்கிறதா? "எவனோ எடுத்த பழைய சோப்பு விளம்பரத்தை மறுபடி போட்டோ எடுத்து, அம்பது பிரிண்ட் போட்டு, நம்பரும் கையெழுத்தும் வெச்சா அது கலையா?" என்றேன். "முடிஞ்சா நீ செய்டி பார்க்கலாம்" என்றாய். மறுநாளே எங்கள் அச்சகத்தில் அதே மாதிரி ஒன்று செய்து சுவரில் மாற்றிவிட்டேன். நேற்று உன் தோழியிடம் அதைக் காட்டி, "இந்தக் கையெழுத்துல இருக்கிற திமிரை யாராலயாவது காப்பியடிக்க முடியுமா?" என்றாயே, சிரிப்பை அடக்கச் சமையலறைக்கு ஓடினேன்.

அசல் உன் மெத்தைக்கு அடியில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. மூன்று நாளாக அதன் மேல்தான் தூங்குகிறாய்.

பி.கு.: சண்டையில் பாதி வாபஸ். நான் உருகி உருகிப் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் திரும்ப எழுதியவைதானே.

இன்னொன்று: கோபத்தில் என்னுடையதைக் கிழித்துவிடாதே. கீழே பென்சிலில் போட்டிருக்கும் எண்ணை இப்போதாவது பார். ஐம்பதில் ஐம்பத்தொன்றாவது.