பஸ்ஸில் வாய் திறக்காத பிள்ளை

டொக்டர், நேற்று ஒரு பழைய புத்தகத்தைப் பிரித்தபோது, நாக்கை அமுக்கிப் பார்க்கும் உங்கள் மரக்குச்சி ஒன்று உள்ளே கிடந்தது. நீங்கள் பேனாவால் வரைந்த இரண்டு கண்களும் ஒரு மீசையும் அதில் இன்னும் அழியவில்லை. உங்கள் மரண அறிவித்தலைக் கஹவத்தை பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பார்த்து ஆறு மாதமாகிறது. குச்சியைத் தொட்டதும் நன்றி வந்திருக்க வேண்டும். பயம்தான் முதலில் வந்தது.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள் அவை. எங்கேயாவது பஸ்ஸில் குண்டு வெடித்தால், மறுநாள் தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும் நாங்கள் எல்லோரும், தமிழ் காதில் விழுந்தால் சந்தேகப்படுவார்கள் என்று, ஊமைகளாகிவிடுவோம். என் மனைவி நெற்றிப் பொட்டை எடுத்து ஹேண்ட்பேக்கின் உள்பக்கம் ஒட்டிக்கொள்வாள். நான் நன்றாகச் சிங்களம் பேசுவேன் என்பதால் குடும்பத்துக்கு வாய் நானே. ஆறு வயது மகளிடம், "பஸ் ஏறினா லயத்து வீட்டுக்குத் திரும்புற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. அப்பான்னுகூடக் கூப்பிடக்கூடாது" என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தேன். நான் கற்றுக்கொடுத்தவற்றில் அவள் முழுமையாகக் கற்றது அது ஒன்றைத்தான்.

அப்படியொரு வாரத்தில்தான் அவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலும் வாந்தியும். உங்கள் டிஸ்பென்சரி பெஞ்சு நிறைய ஆட்கள். நடுவே ஒரு திரைச்சீலை மட்டும். நீங்கள் வயிற்றை அமுக்கினீர்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, மாங்காய் தின்றாள், வயிற்றில் பூச்சி என்று சிங்களத்தில் சொன்னேன். மொழியில் பிழையில்லை. நோயில்தான் பிழை.

நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். குச்சியில் முகம் வரைந்து அவள் முன்னால் ஆட்டினீர்கள். சிங்களவரான நீங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துப் படித்த தமிழில், உரத்த குரலில், "பாப்பா, இந்த மாமா கேக்குறாரு. எங்க வலிக்குது?"

திரைக்கு வெளியே பேச்சு நின்றது. என் சட்டை முதுகோடு ஒட்டியது.

"டொக்டர், கொஞ்சம் மெதுவாக" என்றேன், சிங்களத்தில்.

நீங்கள் குரலைத் தாழ்த்தவில்லை. "புள்ள குச்சியப் பாக்கல்ல. உங்க மொகத்தத்தான் பாக்குது. பேசச் சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க."

நான் திரையைப் பார்த்தேன்.

"சொல்லித் தொலைங்களேன்" என்றாள் மனைவி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"சொல்லும்மா" என்றேன். நூல் மாதிரி வந்தது குரல்.

"இந்தப் பக்கம்ப்பா. கால நீட்டவே முடியல" என்று வலது அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அதன் பிறகுதான் அழுதாள்.

"குடல்வால். இன்னைக்கே வெட்டணும். விட்டா வெடிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதினீர்கள். வரும் வழியில் மூன்று இடத்தில் ஆமிக்காரர்கள் குண்டு தேடி எங்கள் பைகளைச் சோதித்திருந்தார்கள். வெடிக்க இருந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். இரக்கத்திலா, பயத்திலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

மகள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். நான் பஸ்ஸில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அழைப்பாள். முன்சீட்டையும் பின்சீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டே போனை எடுக்கிறேன். "சொல்லும்மா" என்கிறேன். யாராவது திரும்பிப் பார்த்தால் அன்று போலவே முதுகு வியர்க்கிறது. போனை வைப்பதில்லை, டொக்டர்.