ஒதுக்க மாட்டோம் என்று நடந்தவர்கள்

அண்ணா,

இன்று காலை பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் ஒரு மேசையைப் போட்டு, அதில் முதலுதவி என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எங்கள் மகளிர் குழுவில் ஒருத்திக்குப் புதுச் செருப்பு கடித்து விரலில் தோல் உரிந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் பெண் பஞ்சில் டெட்டாலை ஊற்றினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கூட்டமும் தெரியவில்லை, பேண்டு வாத்தியமும் கேட்கவில்லை. நீதான் தெரிந்தாய். வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏரிக்குப் போகுமுன் ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்து, கீறல் இருக்கும் இடத்திலெல்லாம் டெட்டாலைத் தடவித் துணி சுற்றிக்கொண்டிருந்தாய்.

நாங்கள் கூடியிருந்தது எய்ட்ஸ் விழிப்புணர்வு நடைக்காக. சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து ஏற்பாடு செய்திருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் வரை நடை. ஆளுக்கொரு வெள்ளை டீ சர்ட், தொப்பி, நெஞ்சில் குத்திக்கொள்ளச் சிவப்பு ரிப்பன். குழுப் பெண்களுக்குச் சிவப்புப் புடவை என்று உத்தரவு. நானும் கட்டிக்கொண்டு நின்றேன். உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். "இன்னாம்மே, மறுபடியும் கல்யாணமா?" என்று கேட்டிருப்பாய்.

டெட்டாலோடு நிற்காமல் கையுறை வேறு வாங்கினாயே, நினைவிருக்கிறதா? பாரிஸ் கார்னரில் தேடிப்பிடித்து வாங்கிவந்த ரப்பர் கையுறை. அதைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையைப் பிடித்தால், கண்ணி விரலில் நிற்குமா? வழுக்கிக்கொண்டு போனது. இறால் பாதி தண்ணீரிலேயே தப்பியது. கரையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். எனக்கு உன் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. உன்னைப் பார்த்துச் சிரிப்பவனோடு சேர்ந்து சிரிக்கிற அளவுக்கு நீ ஏன் அவ்வளவு நல்லவனாக இருந்தாய்?

உனக்கு அந்த நோய் இருப்பது ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் கதை கதையாகச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்தார்களாம், மாத்திரை டப்பாவைப் பார்த்தார்களாம். எல்லாம் புளுகு. நீயேதான் போய்ச் சொன்னாய். கூடவே ஒரே வலையில் நிற்கிற கூட்டாளிக்குத் தெரிய வேண்டும், கையில் ரத்தம் வந்தால் அவன் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று, நம்பிச் சொன்னாய். "அவன்கிட்ட மறைச்சா அது துரோகம்மே" என்றாய். உன் கூட்டாளி அன்று பொழுது சாய்வதற்குள் ஊரைக் கூட்டிவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் அவர்கள் பேசியதை நான் பெண்கள் பக்கம் நின்று கேட்டேன். உன்னை யாரும் திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ரொம்ப அக்கறையாகப் பேசினார்கள். வலைக்காரன் கையில் புண் இல்லாத நாள் உண்டா? நண்டு கடிக்கிறது, கெளுத்தி முள் ஏறுகிறது, காலில் ஆளிச் சிப்பி ஓடு அறுக்கிறது. உன் கை ரத்தம் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீர் பக்கத்தில் நிற்பவன் புண்ணில் ஏறிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். தண்ணீரில் அது பரவாது, டாக்டரே சொன்னார் என்று நான் கத்தினேன்.

"டாக்டருக்கு ஏரியப் பத்தி இன்னாம்மா தெரியும்? அவுரு வந்து தண்ணில நிக்கிறாரா?" என்றார் உன் கூட்டாளி.

ஊர் ஊராகச் சாக்கடையும் ஆலைக் கழிவும் வந்து கலக்கிற ஏரி இது. அதையெல்லாம் காலால் துழாவிக்கொண்டுதான் மீன் பிடிக்கிறார்கள். உன் விரல் நுனி ரத்தம்தான் அதைக் கெடுக்கும் என்று ஊரே கூடி முடிவு செய்தது. உன் பாட்டை நிறுத்தினார்கள்.

நடையில் என் பக்கத்தில் வந்த சென்னை மேடம், பாடு என்றால் என்ன என்று கேட்டார். ஏரியில் எந்தக் குப்பத்தார் எங்கே வலை கட்டலாம், அதில் எந்த வீட்டுக்காரன் எந்த நாள் இறங்கலாம் என்று முறை வைத்திருக்கிறோம், வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வோம், கல்யாணமான ஆண் ஒவ்வொருவனுக்கும் அதில் முறை உண்டு என்று சொன்னேன். "எவ்ளோ நல்ல சிஸ்டம்! எல்லாருக்கும் சமமா" என்று வியந்தார். ஆமாம் மேடம் என்றேன். வேறென்ன சொல்வது?

பாடு போனபின் நீ ஆரம்பாக்கம் பக்கம் ஓர் இறால் குட்டைக்குக் காவலாளியாகப் போனாய். ஏரியில் பிறந்து வளர்ந்தவன், எவனோ வளர்க்கிற இறாலுக்குக் கையில் டார்ச்சோடு காவல். அதையாவது பொறுத்துக்கொண்டேன். ஆனால் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கூட்டு மருந்து வாங்க வேண்டுமே. குட்டைக்காரனிடம் உண்மையைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் லீவு கிடைக்காது. ஒரு மாதம் தவறியது. அப்புறம் பல மாதம் தவறியது. நான் போனில் கேட்டால், "சாப்ட்டுக்கினுதான் கீறேன், நீ ஒண்ணும் பேஜாராவாத" என்பாய். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்ட காலத்தில் நீ என் புருஷனைவிடத் திடமாக இருந்தாய், அண்ணா. மருந்து நின்றதும் டிபி வந்தது. உன்னைத் தூக்கிவந்தபோது சின்னப்பிள்ளை கனம்கூட இல்லை.

நீ போனபிறகு அண்ணி ஊருக்கு டிபி என்று மட்டும் சொன்னாள். ஊரும் தெரியாதது போலத் தலையாட்டியது. அது ஓர் ஒப்பந்தம். யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாத ஒப்பந்தம். போன தை மாதம் உன் மகனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் நல்ல பெண். அவனுக்கு இந்த வருஷம் பாட்டில் முறை வர வேண்டும். வராவிட்டால் அவனும் இந்த ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். அதனால் நேற்று அண்ணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நீ வாயத் தொறக்காத. உன் காலப் புடிச்சிக் கேக்கறேன்" என்றாள். சரி என்றேன்.

நடைக்கு முன்வரிசையில் யார் தெரியுமா? உன் கூட்டாளிதான். இப்போது அவர்தான் நம் குப்பத்துத் தலைவர். தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, கையில் கொடியோடு, "ஒதுக்க மாட்டோம்! ஒதுக்க மாட்டோம்!" என்று அவர் கத்த, பின்னால் வந்த நம் ஊர் ஆண்கள் எல்லோரும் கத்தினார்கள். உன் பாட்டை நிறுத்தக் கை தூக்கியவர்களில் செத்தவர்கள் போக மிச்சம் எல்லோரும் இருந்தார்கள். பாலத்தின் மேல் நடக்கும்போது கீழே ஏரியைப் பார்க்காமல் நடந்தேன்.  அண்ணிக்குச் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

லைட்ஹவுஸ் பக்கத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். உறுதிமொழி வாசித்தார்கள். கையை நீட்டி எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் தலைவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். நோயாளிகளிடம் அன்பு காட்ட வேண்டும் என்று அழகாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது சொன்னார்: "எங்க குப்பத்துல இந்த நோயி இதுவரிக்கும் யாருக்கும் வந்ததில்ல. இனிமேலும் வர உடமாட்டோம்!"

கைதட்டினார்கள்.

அண்ணா, நீ செத்ததைத் தாங்கிக்கொண்டேன். நீ இருந்ததே இல்லை என்று சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. அண்ணி என் முந்தானையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. உதறிவிட்டு மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன்.

"எங்க அண்ணனுக்கு இருந்துது. இவுருகிட்டதான் மொதல்ல வந்து சொன்னாரு. இவுருதான் பாட்ட நிறுத்தனாரு. இந்த வருசம் அவுரு புள்ளைக்கு மொற வருது. ஒதுக்க மாட்டோம்னு கத்திக்கினே வந்தீங்களே, இப்ப எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

 சென்னை மேடம் முகம் வெளுத்துப்போனது. தலைவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபமே வராது, உனக்குத் தெரியுமே. மெதுவாகச் சிரித்தார்.

"நான் தடுக்கவே இல்லியேம்மா. அவங்கப்பன் விஷயம் நீயே இப்ப ஒத்துக்கின. கூட நிக்கிறவனுக்கு ஒரு பயம் இருக்கும்ல? தோ, ரத்தம் சோதிக்கிற வண்டி நிக்குது. புள்ள போய் டெஸ்ட் எடுத்துக் காட்டட்டும். அப்பறம் யாரு கேக்கப் போறா?"

நோய் தெரிந்த அந்த நாளிலேயே அண்ணிக்கும் மகனுக்கும் சோதித்து, இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் மகன் எழுந்துவிட்டான். யாரையும் பார்க்காமல் நேராக வண்டிக்குப் போனான். உன் நடைதான் அவனுக்கு. தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவது போல.

"அவன் போய்ட்டான். அடுத்து யாரு?" என்று மைக்கிலேயே கேட்டேன். "எல்லாரும் ஒரே தண்ணிலதான நிக்கிறீங்க? அவனுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

"எங்களுக்கு இன்னாத்துக்கு?" என்றான் ஒருவன். "வூட்ல வேல கீதுபா" என்று இன்னொருவன். தக்காளி சாதப் பொட்டலம் கொடுக்கிற பக்கம் எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். நான் வண்டியில் ஏறி ரத்தம் கொடுத்தேன். எனக்குப் பின்னால் ஒருவரும் ஏறவில்லை. எங்கள் இருவர் ரத்தத்தைத் தவிர அந்த வண்டிக்கு இன்று வேறு வேலை இல்லை.

கொஞ்ச நேரத்தில் உன் மகன் காகிதத்தோடு இறங்கினான். வண்டியில் இருந்த அம்மா, அதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை தம்பி, அது உன் சொந்த விஷயம் என்று பின்னாலேயே வந்து சொன்னாள். அவன் கேட்கவில்லை. தலைவர் முன்னால் போய் நீட்டினான். தலைவர் வாங்கிப் படித்தார். அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"பையன் சுத்தம்பா! ஞாயித்துக்கெழம சீட்டுல இவன் பேரும் சேத்துக்கலாம்."

இன்று முழுவதும் விழுந்த கைதட்டலில் அதுதான் பெரிது. அண்ணி தலைவர் காலில் விழுந்து அழுதாள். உன் மருமகள் முகம் மலர்ந்துவிட்டது. சென்னை மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த நடைக்கே இதுதான் வெற்றி என்று சொல்லி, காகிதத்தோடு அவனையும் தலைவரையும் சேர்த்து நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். நடுவில் என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

"இன்னா அத்தே, சந்தோசமா இல்லியா? பாடு கெடச்சிட்டுதே" என்று ஓடிவந்து கேட்டான் உன் மகன். இருக்குடா என்றேன். பொய் இல்லை. அவன் இனி ஊரை விட்டுப் போக வேண்டாம், அவன் பிள்ளை இந்த ஏரியில் நீந்தும். அதற்காக எனக்கு மகிழ்ச்சிதான். வீட்டுக்கு வந்து புடவையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் காகிதத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்? அதே பந்தல், அதே உறுதிமொழி, அதே ரிப்பன் குத்திய ஆட்கள். என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ரத்தம் சுத்தமாக இருப்பவனுக்குத்தான் தண்ணீர் என்று அன்று உனக்குச் சொன்ன தீர்ப்பை இன்று அத்தனை பேர் முன்னால் மறுபடி வாசித்தார்கள். அதற்கு ஊரும் கைதட்டியது, சென்னையும் கைதட்டியது. வழக்கை எடுத்துக்கொண்டு போனவள் நான்.

உன்னிடமிருந்து எனக்கு வந்தது உன் பொறுமை இல்லை, அண்ணா. எத்தனை பேர் எத்தனை நாள் நடந்தாலும் தீராத இந்தக் கசப்புதான் என்னிடம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. பையன் சுத்தம் என்று அவர்கள் சொன்னபோது உன்னைத்தான் இரண்டாம் முறையாக ஊரை விட்டு ஒதுக்கினார்கள். இந்த முறை உன் மகனும் அவர்களோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.