எழுந்தால் விக்கெட் விழும்

அன்புள்ள டர்னர் மாப்பிள்ளைக்கு,

ஆற்றுப் பாலம் உடைந்து பஸ் எல்லாம் ஊரைச் சுற்றிப் போனதே, முதலாளி மகள் கணக்குப்பிள்ளையோடு ஓடிப்போய், பாலம் இல்லாததால் சாயங்காலமே பட்டறைக்குத் திரும்பி வந்து நின்றாளே, அந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். உன் பழைய கூட்டாளி ஃபிட்டர் சொல்லச் சொல்ல, என் மருமகள் எழுதுகிறாள். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதப் போனாள். நான்தான் தடுத்தேன்.

அந்த வருஷத்துக் கடைசி டெஸ்டில் ஒன்பது விக்கெட் போய், கடைசி ஜோடி ஆட்டம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ரேடியோவைச் சுற்றி எவனும் அசையவில்லை. மோல்டர் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நெளிந்தான். இதை எழுத மாட்டேன் என்கிறாள் மருமகள். எழுதும்மா, அவனால்தான் டிரா ஆனது. அன்றைக்கு நீ சாக்கட்டி எடுத்துப் பட்டறைக் கதவில் ஒரு சட்டம் எழுதினாய். எனக்கு எழுத்து தெரியாது. வெல்டர்தான் வாசித்துச் சொன்னான்: "ஆட்டம் நடக்கையில எவனும் எழக்கூடாது. எழுந்தா விக்கெட் விழும்."

விஷயத்துக்கு வருகிறேன். வெல்டருக்கு இதயத்துக்குப் போகும் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனோ, தொடர் முடியட்டும் என்கிறான்.

இந்தத் தொடரை நீயும் பார்த்துக்கொண்டுதானே இருப்பாய். முதல் டெஸ்ட் அன்று அவனை ஸ்கேனுக்குப் படுக்க வைத்திருந்தார்கள். நம் பயல்கள் சீட்டுக்கட்டு மாதிரிச் சரிந்தார்கள். இரண்டாவது டெஸ்டுக்கு வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தான், ஜெயித்தோம். அவன் மனைவி அந்தச் சந்தோஷத்தில் பத்தியத்தை மறந்து சர்க்கரை போட்ட காபி கொடுத்தாள், நானும் குடித்தேன். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தது.

மூன்றாவது டெஸ்டின் கடைசி நாளில்தான் என் உயிர் போய்த் திரும்பியது. மறுபடி கடைசி ஜோடி. வெல்டர் ஒன்றும் பேசவில்லை. ஆட்டத்தில் மூழ்கிவிட்டான் என்று நினைத்தேன். டிரா ஆனதும் கையைத் தட்டத் திரும்பினால், சட்டை தொப்பலாக நனைந்து, உதடு கறுத்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறான். ஏன்டா சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா நீங்கல்லாம் எழுந்திருச்சிருப்பீங்களேடா" என்றான்.

நான்காவது டெஸ்டில் அவன் மகள் வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அவன் ஆட்டோவில் ஏறின ஒரு மணி நேரத்தில் நாலு விக்கெட். தோற்றோம். அதோடு ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கக்கூடாது என்றுவிட்டான். யார் என்ன சொன்னாலும் கட்டை விரலை மடக்கி அந்த நாலு விக்கெட்டைக் காட்டுகிறான்.

உன்னிடம் மறைப்பானேன், எனக்கும் உள்ளுக்குள் அந்த நாலு விக்கெட் உறுத்துகிறது. ஆனாலும் தொடர் போனால் அடுத்த வருஷம் இன்னொரு தொடர் வரும் மாப்பிள்ளை.

கடைசி டெஸ்ட் தொடங்கும் அன்றைக்கேதான் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் தன் கையில் இல்லை என்கிறார் டாக்டர். மனைவி அழுது பார்த்துவிட்டாள். மகள் காலில் விழுந்து பார்த்துவிட்டாள். நான் கெட்ட வார்த்தையில் திட்டிப் பார்த்துவிட்டேன். கடைசியில் ஒரு வழி விட்டான்: "சட்டம் போட்டவன் கையால அழிக்கட்டும். அப்ப எழுந்திரிக்கிறேன்."

போனில் பேசினால் கேட்க மாட்டான். வேண்டாததைச் சொன்னால் அவன் காது உடனே செவிடாகிவிடுகிறது. நீ எழுதியதைப் போனில் படம் எடுத்து அனுப்பினால், மகள் ஏதோ செட்டப் செய்துவிட்டாள் என்பான். தாளில், உன் கையெழுத்தில் வர வேண்டும். அந்தக் கோணல் எழுத்தை அவன் மறக்கவில்லை.

ஒரே வரி போதும். சட்டம் ரத்து, எழுந்திருடா என்று எழுது. விரைவுத் தபாலில் போடு. அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்து ஐந்து நாளும் அசையாமல் காவல் காக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீயும் அங்கே எழாதே. இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒருவன் படுக்கலாம் என்று அதையும் சேர்த்து எழுது.

நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஃபிட்டர்

மருமகள் பேனாவை மூடிவிட்டாள். திறக்கச் சொன்னேன். மோல்டர் போய்விட்டான். பெயிண்டர் போய்விட்டான். போன மழையில் முதலாளியும் போய்விட்டார். நீ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறாய். அன்றைக்கு அந்த ரேடியோவைச் சுற்றி இருந்தவர்களில், நான் நடந்துபோய்க் கதவைத் தட்டினால் "வாடா" என்று சொல்ல உயிரோடு இருப்பது வெல்டர் ஒருத்தன்தான்.