உறைப்புக்குத் தோற்றவர்

மாமா,

இன்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவள் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். சிவந்த எண்ணெயில் ஊறிய நூடில்ஸ். அந்தச் சீன மிளகின் வாசம் வந்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்த மிளகை நான் இதுவரை வாயில் வைத்ததே இல்லை. வைத்தவர் நீங்கள்.

தங்கச்சி தூங்கிவிட்டாள். போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். விடிவதற்குள் கிழித்துவிடுவேன்.

போன வருட விடுமுறையில் உங்கள் காரில் எல்லோரும் கிரான்பர்ன் வீட்டிலிருந்து சிட்னிக்குப் போனோம். இரவுச் சாப்பாட்டுக்கு ஹலால் கடை தேடி அலைந்து, கடைசியில் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிச்சுவான் கடைக்குள் நுழைந்தோம். உள்ளே வந்ததும் கண் எரிந்தது. உங்களுக்குச் சந்தோஷம். பச்சைக் கொச்சிக்காயை உறைக்க உறைக்கக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறவர் அல்லவா நீங்கள்.

ஹலால் இல்லாத கடையில் நம் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். மீன், மரக்கறி மட்டும். அதிலும் பன்றி இறைச்சி கலந்திருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். சிறு வயதிலிருந்து எல்லாக் கடையிலும் கேட்கிற ஆள் நான்தான். அன்றைக்கு நீங்கள் இன்னும் பெருமையாகச் சொன்னீர்கள்.

"நம்மட புள்ள ஸ்கூல்ல சீன பாஷ படிக்கிறா. அவ கேக்கட்டும். கேளு புள்ள, அந்த டோஃபுக் கறியில பண்டி இரிக்கா எண்டு."

பக்கத்து மேசையில் என் வயதுச் சீனப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். பரிமாறும் அக்காவுக்கு நான் சீனத்தில் வணக்கம் சொன்னபோதே ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பண்டி என்பதற்கான சொல் எனக்குத் தெரியும். முதலாம் பாடத்திலேயே வருகிறது. ஆனால் முக்காடு போட்ட நான் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லிக் கேட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கூசியது. அதனால் சீனத்தில் வேறொன்று கேட்டேன். "இது நல்ல உறைப்பா?" அந்த அக்கா சிரித்துத் தலையாட்டினா.

"என்னவாம்?" என்றீர்கள்.

"பண்டி இல்லையாம், மாமா."

டோஃபு முதலில் வந்தது. உம்மா கரண்டியை எடுக்கப் போனா. "பொறு, உறைப்பப் பாக்கிற வேல என்னது," என்று நீங்கள் முதல் வாயை எடுத்தீர்கள். மென்றது நின்றது. சிவந்த எண்ணெய்க்குள் சின்னச் சின்னதாகக் கொத்திறைச்சி இருந்ததை நானும் அப்போதுதான் கண்டேன். நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். கடதாசியை வாயில் வைத்து இருமினீர்கள். கண்ணால் நீர் வழிந்தது.

"ஒருத்தரும் தொடாதீங்க. இது மனிசன் திங்கிற உறைப்பில்ல. எழும்புங்க, மத்தக் கறியும் இப்பிடித்தான் இரிக்கும்."

வாப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மச்சான், சீனாக்காரன்ட சட்டியில தோத்துட்டீங்களே."

"தோத்துட்டன் மச்சான். ஒத்துக்கொள்றன்."

நான் கை கழுவப் போனபோது நீங்கள் குழாயடியில் நின்றீர்கள். வாய் கொப்பளித்தீர்கள், துப்பினீர்கள், மறுபடியும் கொப்பளித்தீர்கள். கண்ணாடியில் என்னைக் கண்டதும் தண்ணீரை நிறுத்தினீர்கள்.

"கேட்டியா புள்ள?"

"ஓம் மாமா. கேட்டன்."

கடதாசியால் வாயைத் துடைத்தீர்கள். பிறகு, "அப்ப அந்தப் புள்ளைக்கு நீ கேட்டது விளங்கல்ல போல. உம்மாக்கிட்டச் சொல்ல வாணாம், அவ பயந்துருவா," என்றீர்கள்.

அதை நீங்கள் நம்பினீர்களா, எனக்காக நம்பியது போல் இருந்தீர்களா என்று இன்றுவரை தெரியாது.

அன்றிரவு நாங்கள் கடையில் வாங்கிய பாணும் தகரத்தில் அடைத்த ரின்மீனும் சாப்பிட்டோம். திரும்பி வரும் வழி முழுக்க வாப்பாவின் பகிடி. கிரான்பர்னில் யார் வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதை வந்தது. உறைப்புச் சம்பல் கோப்பையை உங்களுக்கு எட்டாமல் தள்ளிவைத்து, "அவர் பாவம், அவருக்கு வாணாம்," என்பார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அப்படியான நேரத்தில் ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. நான் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன், மாமா. சிரிக்காவிட்டால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்று பயம்.

தெரியாமல் சாப்பிட்டால் குற்றமில்லை என்று மத்ரசாவில் படித்திருக்கிறேன். அதனால் அந்த ஒரு வாய் உங்களைச் சேராது. என்னைத்தான் சேரும். ஒரு மனிசருக்குச் செய்த பிழையை அந்த மனிசர்தான் மன்னிக்க வேண்டும் என்றும் அங்கேதான் படித்தேன்.

உங்களை அடக்கம் செய்த அன்று ஜனாஸாவில் வாப்பா எழுந்து நின்று கேட்டார். "மச்சான் ஆருக்கும் ஏதும் குற செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க." பெண்கள் பக்கத்தில் ஒலிபெருக்கியில் கேட்டது. எல்லோரும் மன்னித்தோம் என்றார்கள். நானும் சொன்னேன். நீங்கள் எனக்கு என்ன குறை செய்தீர்கள்? உங்களுக்குக் குறை செய்தவர்கள் எழுந்து உங்களிடம் கேட்பதற்கு அங்கே வழக்கம் எதுவும் இல்லை.

இன்று பின்னேரம் உங்கள் நாற்பதாம் நாள் கத்தம். ஓதி முடிந்து சாப்பாடு வைத்தபோது வாப்பா மறுபடியும் அந்தக் கதையை எடுத்தார். பாசத்தில்தான் சொன்னார். ரோவிலிலிருந்து வந்த அன்ரி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தா. "எவ்வளவு பெரிய வீரன், ஒரு டோஃபுக்குத் தோத்துட்டாரே."

குசினி வாசலில் நின்ற என் வாயிலிருந்து வந்துவிட்டது. "அது உறைப்பால இல்ல."

உம்மா தட்டோடு திரும்பினா. "பின்ன?"

"ஒண்டுமில்ல உம்மா."

உம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு ஆட்களிடம் போனா. அந்தக் கதவடியில் இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். அது பொய்.

சொன்னால் உங்களைப் பார்த்துச் சிரிப்பது நிற்கும். சொல்லாவிட்டால் என்னிடமிருந்து யாரும் முகத்தைத் திருப்ப மாட்டார்கள். நான் இவ்வளவு நாளும் எதை எடுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

உம்மாவின் அந்தப் "பின்ன?" இப்போது என்னிடம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் அவ முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொன்ன பிறகு பார்க்க முடியுமா என்றும் தெரியவில்லை, மாமா.